ஆமையார் கதை முடிந்த ஞாயிறு

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லை மெழுகிலும் பிளாஸ்டரிலும் பிடித்துத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பல்லுக்காரரின் பிழைப்பு. பல் வைத்தியர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருந்துகிற பல்செட்டை இவர் செய்து கொடுப்பார். பட்டறை என்பது ஒரே ஒரு அறை. ஒரு சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க ஊர்க்காரர்களின் பிளாஸ்டர் தாடைகள், ஆ என்று வாயைத் திறந்தபடி. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நொடி தயங்குவார்கள்.

"இத்தனை வாய் இருக்கு, ஒண்ணாவது குறுக்கே பேசுதா பாருங்க. அதுக்காகவே நான் இங்க வர்றேன்" என்பார் கண்டக்டரம்மா.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே குறுக்கே பேசுவதற்கென்றே நாலு பேர் கூடினார்கள். பல்லுக்காரர் ஒருவர். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டரம்மா ஒருவர். மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் 'மாத்திரை' என்று பேர் வாங்கிய இளைஞன் ஒருவன். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிற லிஃப்ட்காரர் ஒருவர். நாலு பேரையும் கட்டிப்போட்டது ஒரு கதை. பெயர் 'கல்லிறகு'.

கடலே இல்லாத உலகம் அது. வானத்தில் கல்லால் ஆன பறவைகள் பறக்கும். கோட்டைக்கு ஒரு அரசன், அரசனுக்கு ஒன்பது பங்காளி, பங்காளிக்குப் பத்து சதி. ஆறு பாகத்தில் முடிப்பேன் என்று தொடங்கிய ஆசிரியர், ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியில் ஒற்றைக்கை அரசியைத் தளபதி கோதரனின் கழுத்தில் கத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். அந்தக் கத்தி இறங்கவுமில்லை, எடுபடவுமில்லை. ஐந்தாம் பாகம் வந்தபோது கண்டக்டரம்மாவின் மகள் முன்பல் விழுந்து பொக்கையாக நின்றாள். இப்போது அவளுக்கு ஞானப்பல் குத்துகிறது. ஆறாம் பாகம் மட்டும் முளைத்தபாடில்லை.

ஆசிரியருக்கு இவர்கள் வைத்த பெயர் ஆமையார்.

"போன பேட்டில என்ன சொன்னார் தெரியுமா? பாத்திரங்கள் என்கிட்ட பேச மாட்டேங்குதுன்னு சொன்னார்" என்பான் மாத்திரை.

"பேசலைன்னா என் பஸ்ஸுல ஏத்தி விடச் சொல்லு. சில்லறை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றேன், எல்லாம் தானா பேசும்" என்பார் கண்டக்டரம்மா.

புது பாகம் வராததால் பழைய பாகங்களையே அசை போட்டார்கள். அதிலும் பெரிய வழக்கு, கோதரன் பெயரை எப்படிச் சொல்வது என்பது. எழுத்தில் 'கோ' என்றுதான் இருக்கிறது. வாயில் எப்படி வரவேண்டும்? கோழியில் வருகிற கோவா, கோஷ்டியில் வருகிற கோவா? கண்டக்டரம்மாவும் மாத்திரையும் கோழிக் கட்சி. பல்லுக்காரர் கோஷ்டிக் கட்சி. லிஃப்ட்காரர் ஒரு வாரம் இந்தப் பக்கம் இருப்பார், மறுவாரம் அந்தப் பக்கம் போவார். ஒருதரம் வாசகர் கூட்டமொன்றில் மாத்திரை எழுந்து ஆசிரியரிடமே கேட்டுவிட்டான். மனுஷர் வெகுநேரம் மேற்கூரையைப் பார்த்துவிட்டு, "அதை நான் இன்னும் முடிவு பண்ணலை" என்றாராம்.

இப்படி எல்லோரும் ஆமையாரைக் கரித்துக் கொட்டும்போது, அவருக்குப் பரிந்து பேசுகிற ஒரே வாய் பல்லுக்காரருடையது. "நிதானமா எழுதட்டுமேம்மா. அவசரத்துல வச்ச பல்லு ஈறைக் கிழிக்கும்" என்பார். இவரைப் போல் ஒரு பக்தன் உண்டா என்று மற்றவர்கள் வியந்தார்கள். உள்ளே இருந்த சங்கதி வேறு. ஊரெல்லாம் ஆமையாருக்கு ஆயுசும் கொடு, சுறுசுறுப்பும் கொடு என்று வேண்டியது. பல்லுக்காரர் ஆயுசை மட்டும் வேண்டினார்.

காரணம் லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரர் ஒரு காலத்தில் பல்லுக்காரரின் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் "சாப்டீங்களா?" என்று கேட்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து காற்றாடியைப் பார்ப்பார்கள். ஒருநாள் மாப்பிள்ளை கையில் கல்லிறகு முதல் பாகத்தோடு வந்தார். மாமனார் சும்மா வாங்கிப் புரட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் மகளுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அந்த மகளும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மேல்வரிசையும் நல்ல வரிசை, கீழ்வரிசையும் நல்ல வரிசை, கடித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? மகள் இப்போது வேறு ஊரில், வேறு ஒருவரோடு, சிரித்த முகமாக இருக்கிறாள். பல்லுக்காரருக்கு அதில் நிம்மதிதான். ஆனால் அவள் கை கழுவியது புருஷனை. பல்லுக்காரரிடமிருந்து போனது பெற்ற பிள்ளை மாதிரி ஒருவர். அதை வாய்விட்டுச் சொன்னால் மகளுக்கு நோகும். சொல்லாமல் விழுங்கினார்.

பிரிந்த பிறகு இருவருக்கும் ஒரு சின்னச் சிக்கல். ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது? மாமா என்று சொல்ல உரிமை இல்லை. சார் என்றால் நாக்கு கூசுகிறது. ஆகவே லிஃப்ட்காரர் எதைச் சொல்வதானாலும் "வந்து..." என்று ஆரம்பிப்பார். பல்லுக்காரர் "இங்க பாருங்க" என்று பதில் சொல்வார். வந்துவும் இங்க பாருங்கவுமாகவே காலம் ஓடியது. விஷயம் தெரிந்தவர் கண்டக்டரம்மா ஒருத்தர்தான். அதே தெருக்காரர், தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்.

விவாகம் ரத்தானவர், முன்னாள் மாமனாரின் பட்டறைக்கு எந்த முகாந்திரத்தில் வருவார்? கல்லிறகு பேச வருவார். அந்த ஒரு முகாந்திரம்தான். தன் அறையில் சுவரெல்லாம் ஈரம் என்று சொல்லி ஐந்து பாகங்களையும் பல்லுக்காரரின் தட்டிலேயே, தாடைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆறாம் பாகம் வந்து, கத்தி இறங்கி, கதை தீர்ந்து, பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் பல்லுக்காரர் ஸ்பிரிட் விளக்கின் திரியைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரம்மாவுக்கு மாற்று டூட்டி போட்டுவிட்டார்கள். மற்ற மூவரும் கோதரன் வழக்கில் மூழ்கியிருந்தபோது பல்லுக்காரரின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் மெழுகு. மாத்திரைதான் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான். பஸ்ஸின் இரைச்சல், விசில் சத்தம், நடுவில் கண்டக்டரம்மாவின் குரல்.

"ஹலோ! கேக்குதா? நம்ம ஆமையார் கதை முடிஞ்சிடுச்சு! இப்பத்தான் தகவல்! உள்ள தள்ளி நில்லுங்க சார்... முடிஞ்சிடுச்சுப்பா! வந்து சொல்றேன்..."

போன் அறுந்தது. திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை.

தட்டில் இருந்த தாடைகள் மாதிரியே இவர்களுக்கும் வாய் திறந்து நின்றது.

"இருக்காது. நல்லாத்தானே இருந்தார்?" என்றார் லிஃப்ட்காரர்.

மாத்திரை தன் போனில் ஆசிரியரின் பக்கத்தைத் திறக்கப் பார்த்தான். சக்கரம் சுற்றியதே ஒழியத் திறக்கவில்லை. "கூட்டம் முட்டுது போல. எல்லாரும் ஒரே சமயத்துல வந்து விழுறாங்க" என்றான். அப்புறம் வாசகர் குழு ஒன்று திறந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. போனைத் திருப்பிக் காட்டினான். ஒரு வார்த்தைகூட இல்லை. மேலிருந்து கீழ்வரை அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். நடுநடுவே உடைந்த இதயம் வேறு.

அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"கோழியா கோஷ்டியான்னு சொல்லாமலே போயிட்டாரே" என்றான் மாத்திரை. "நான் வேற போன வாரம் அவரைச் சோம்பேறின்னு திட்டினேன்."

"எல்லாருந்தான் திட்டினோம்" என்றார் லிஃப்ட்காரர். பிறகு எழுந்தார். "வந்து... நான் கிளம்பறேன். இனிமே பேசறதுக்கு என்ன இருக்கு?"

தட்டிலிருந்து தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தோள்பையில் வைக்கத் தொடங்கினார்.

பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கதை முடிந்தால் இவர் போய்விடுவார் என்று பயந்து, முடியாதிருக்கட்டும் என்று இத்தனை காலம் வேண்டினாரே, எழுதுகிற மனுஷன் போய்விட்டாலும் முடிவு இதேதான் என்று ஒருநாளாவது நினைத்தாரா? இரண்டாம் பாகம் பைக்குள் போனது. மூன்றாம் பாகம் போனது. விளக்கின் மேல் பிடித்திருந்த மெழுகு உருகி, பாதி அடுக்கிய பல்வரிசை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கவனிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். 'இங்க பாருங்க' என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தார்.

"உக்காருங்க மாப்ளே" என்று வந்துவிட்டது.

லிஃப்ட்காரரின் கை, பைக்குள் பாதி போன நாலாம் பாகத்தின் மேல் நின்றது.

மாத்திரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்தான். "அட, நீங்ககூட மாப்ளேன்னு கூப்பிடுவீங்களாண்ணே? இத்தனை நாளா வர்றேன், என்னை ஒரு தரம் கூப்பிட்டதில்லையே!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துச் செருப்புச் சத்தம் கேட்டது. டூட்டி முடிந்து சீருடையோடு, தோளில் பணப்பை தொங்க, முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார் கண்டக்டரம்மா.

"என்னப்பா, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

இப்படியும் ஒரு கல்நெஞ்சமா என்று மாத்திரை அவரைப் பார்த்தான். "எப்பக்கா எடுக்கறாங்களாம்?"

"எடுக்கறதா? அதெல்லாம் நேத்தே எடுத்துட்டாங்களாம்."

"நேத்தேவா! இப்ப எங்க வச்சிருக்காங்க?"

"அச்சகத்துலதான்."

"அச்சகத்துலயா வச்சிருக்காங்க!" என்றார் லிஃப்ட்காரர்.

"பின்ன வேற எங்க வைப்பாங்க? ரொம்பப் பெருசா இருக்காம். தூக்கவே முடியலையாம். ரெண்டா வெட்டிடலாமான்னு யோசிக்கிறாங்களாம்."

"ஐயோ!" என்று மாத்திரை காதைப் பொத்திக்கொண்டான்.

"நீ ஏன்டா ஐயோங்கறே? நானும் அதான் சொல்றேன். ரெண்டா வெட்டினா ரெண்டு விலை வைப்பான். ஒரே பைண்டிங்குல போட்டா என்ன கேடு?"

பைண்டிங் என்ற சொல் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"யம்மா" என்றார் பல்லுக்காரர் மிக நிதானமாக. "ஆமையார் உயிரோட இருக்காரா?"

"இருக்காரா? ஆடிக்கிட்டு இருக்காரு! ஆறாம் பாகத்தை முடிச்சுக் குடுத்துட்டாரு. அதான் போன்லயே சொன்னேனே, கதை முடிஞ்சிடுச்சுன்னு?"

"அப்ப அழுற மூஞ்சி?" என்று மாத்திரை போனை நீட்டினான்.

"சந்தோஷத்துல அழுவாங்கடா. நானே பஸ்ஸுல அழுதேன். டிக்கெட் வாங்க வந்த பெரியம்மா எனக்குத் தண்ணி குடுத்தாங்க."

"உடைஞ்ச இதயம்?"

"கதை தீருதேன்னு வருத்தப்படுறவன் ஒருத்தன் ரெண்டு பேர் இருக்க மாட்டானா?"

மாத்திரை துள்ளிக் குதித்ததில் ஒரு தாடை தட்டிலிருந்து விழ, கண்டக்டரம்மா அதைப் பஸ்ஸில் விழுகிற குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்தார். அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தெருவில் போனவர் நின்று எட்டிப் பார்த்தார். செத்தவன் எழுந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எப்ப எடுக்கறாங்க என்று ஒருவர் கேட்பதும், அச்சகத்துல என்று இன்னொருவர் சொல்வதும், மறுபடி விழுந்து விழுந்து சிரிப்பதும்.

பல்லுக்காரரும் சிரித்தார். மனுஷன் பிழைத்தார் என்ற சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் தங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறார், சரி. கதை முடிந்துவிட்டதே? இன்னும் கொஞ்ச நாள். புத்தகம் வரும், படிப்பார்கள், ஒரு மாதம் பேசுவார்கள். அப்புறம்?

சாய்ந்துபோன பல்வரிசையை நிமிர்த்தப் போனவர், அதை விட்டுவிட்டு லிஃப்ட்காரரின் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துத் திரும்பத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். சும்மா கைக்கு ஒரு வேலை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு புத்தகத்துக்கும் முதுகு மடிந்து, ஓரம் நைந்து, பக்கமெல்லாம் கிரீஸ் விரல். பை காலியானது. லிஃப்ட்காரர் இன்னும் எடுக்காமல் விட்டிருந்த ஐந்தாம் பாகம் தட்டிலேயே இருந்தது. அதை நேராக வைக்கத் தொட்டவர், கையில் எடுத்தார்.

பல்லுக்காரரின் கண் எதைப் பார்க்கும்? தேய்மானத்தைப் பார்க்கும். எந்தப் பல் மென்றது, எந்தப் பல் சும்மா இருந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். இந்தப் புத்தகம் ஒரு வாய்கூட மெல்லவில்லை. முதுகு வாள் மாதிரி நிமிர்ந்து நின்றது. விரித்தால் படக்கென்று பசை விட்ட சத்தம். உள்ளே சில தாள்கள் விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன.

திரும்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார். அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளத் தெரிந்த கண்டக்டரம்மா, மாத்திரையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாடா, டீ வாங்கிக் குடு. நல்ல சேதி சொன்னவளுக்கு ஒரு டீ கிடையாதா?"

அவர்கள் போன பிறகு பல்லுக்காரர் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சாம் பாகம் படிக்கலையா?"

"வந்து..."

"படிக்கலையா?"

"இல்ல." லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். "அது வந்தப்பதான் எங்க ரெண்டு பேருக்கும்... வீட்டைக் காலி பண்ணின சமயம். கையில எடுத்தேன். இதையும் படிச்சு முடிச்சிட்டா, அப்புறம் இங்க வர்றதுக்கு என்ன சாக்கு இருக்குன்னு தோணுச்சு. படிக்காதவனா இருந்தா உங்ககிட்ட கேக்கறதுக்கு ஏதாவது இருந்துகிட்டே இருக்கும் இல்லியா? நீங்க சொல்லச் சொல்லக் கேட்டே ஒப்பேத்திட்டேன்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! 'அது எப்படிச் சொல்றீங்க?' என்று இவர் கேட்பதும், பல்லுக்காரர் விளக்கு விளக்கென்று விளக்குவதும். நல்ல வாசகன், ஆழமாகக் கேட்கிறான் என்று பூரித்துப்போவாரே!

"ஆறாம் பாகம் வந்தா என்ன பண்றதா இருந்தீங்க?"

"அதையும் படிக்காம வச்சுக்கலாம்னு இருந்தேன்."

பல்லுக்காரருக்கு நெஞ்சில் ஏதோ அவிழ்ந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர் அந்த இடத்தில் கண்கலங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் மாமனார் மட்டுமல்லவே, வாசகரும் ஆயிற்றே! வாசகர் முந்திக்கொண்டார்.

"அடப்பாவி! அஞ்சாம் பாகம் படிக்காமலா என்கூட மல்லுக்கு நின்னே? அரசி கத்தி வச்சது தப்புன்னு மூணு வாரம் வாதாடினியே! கத்தி எந்தக் கையில இருந்துச்சுன்னாவது தெரியுமா உனக்கு?"

"அவளுக்கு ஒரு கைதானே மாமா இருக்கு?"

மாமா என்று சொன்னதை இருவருமே கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டார்கள். பல்லுக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் மட்டும் என்ன யோக்கியம்? அந்த மனுஷன் முடிக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். "ஊரே சபிக்கும், கேட்டா."

"நிதானமா எழுதட்டும், நிதானமா எழுதட்டும்னு சொல்வீங்களே, அது இதுக்குத்தானா?"

"பின்ன? எனக்கென்ன அவன்மேல அவ்வளவு பாசம்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு. எம்மக உன்னை வேணாம்னு சொன்னா. அது அவ பாடு, உன் பாடு. நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? இங்க வர்றதுக்கு எவனோ ஒருத்தன் உக்காந்து எழுதித் தரணுமா?"

லிஃப்ட்காரர் கிரீஸ் படிந்த கட்டைவிரலால் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பிரித்து முடிக்கும்வரை பல்லுக்காரரும் அவசரப்படுத்தவில்லை.

"ஆறாம் பாகம் வர்றதுக்குள்ள இதை முடிச்சாகணும்" என்றார் அப்புறம் பல்லுக்காரர். "ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருந்தா ஆகாது. வேலை விட்டதும் நேரா வந்துடு. என் கை மெழுகுல இருக்கும், நீதான் படிக்கணும். இப்பவே ஆரம்பி."

லிஃப்ட்காரர் காலிப் பையை எடுத்து ஆணியில் மாட்டினார். புத்தகத்தை மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் அழுத்த, முதுகு முதல் தடவையாக மடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். பல்லுக்காரர் விளக்கை இறக்கிவைத்து, சாய்ந்த பல்வரிசையைப் பிடுங்கிப் புதிதாக அடுக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம்கூட ஆகியிருக்காது.

"என்ன மாமா இது, முதல் அத்தியாயத்துலயே இத்தனை பேரைக் கொன்னுட்டாரு?"

"வாயை மூடிக்கிட்டுப் படி."

"வாயை மூடிக்கிட்டு எப்படி மாமா படிக்கறது?"

வாய் விஷயத்தில் ஊருக்கே பதில் சொல்கிற பல்லுக்காரருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கடைவாய்ப் பல்லொன்றை மெழுகில் பதித்து, பெருவிரலால் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை.

"சரி, மேல போ" என்றார்.